மனைக்கேற்ற மரம்

வீடு கட்டுவோர் வாயிலுக்குத் திசை பார்ப்பர். கால்கோளுக்கு நாள் பார்ப்பர். கதவுக்கு வேண்டிய பலகையைத் தேர்வதற்குப் பன்முறை கடைக்குச் சென்று, வயிரம் பாய்ந்ததா என்று தட்டிப் பார்த்து விலை பேசுவர். ஆனால் முற்றத்தில் நிற்கப்போகும் உயிருள்ள மரத்தைத் தேர்வதற்கு அவர்கள் செலவிடும் காலம் ஒரு நாழிகையும் ஆகாது. நாற்றுப் பண்ணையில் எந்தக் கன்று பசுமையாகத் தோன்றுகிறதோ, எதன் படத்தில் பூ மிகுதியாக இருக்கிறதோ, அதுவே வண்டியிலேறி வீடு வந்து சேர்கிறது. பின்னர் இரண்டு கோடைக்குள் அது கருகிவிட்டால் மண் பொல்லாதது என்கிறார்கள்; பத்தாண்டு வளர்ந்து ஒரு காற்றில் சுவர்மீது சாய்ந்தால் காற்றுப் பொல்லாதது என்கிறார்கள். மண்ணும் காற்றும் அவர்கள் வருவதற்கு முன்பே அங்கு இருந்தவை. அவற்றைக் கேளாமல் மரத்தை அழைத்து வந்தவர் யார்?

எல்லா நிலத்திற்கும் பொதுவாகப் பேசினால் பயன் சிறிது. ஆகவே ஒரு நிலத்தை எடுத்துக்கொள்வோம். கொங்கு நாட்டின் கீழ்ப்பகுதியில் பல்லடம், காங்கேயம், தாராபுரம், வெள்ளகோவில் ஆகிய ஊர்களைச் சூழ்ந்து கிடக்கும் மேட்டுச் சமவெளியே அது. செம்மண்ணும் சரளையும் கலந்த தரை; இரண்டு முழம் தோண்டினால் பல இடங்களில் சுக்கான் கல் கடப்பாரையைத் தடுக்கும். இந்நிலத்திற்கு நேர் மேற்கே மலையில் ஒரு வாயில் உள்ளது. மேற்குத் தொடர்ச்சி மலை வடக்கே நீலமலையாகவும் தெற்கே ஆனைமலையாகவும் உயர்ந்து நிற்க, இடையே ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்திற்கு மலை தாழ்ந்து கிடக்கிறது. அதனையே பாலக்காட்டுக் கணவாய் என்கிறோம். தென்மேற்குப் பருவக்காற்று சேர நாட்டுச் சரிவுகளில் தன் நீரைப் பொழிந்துவிட்டு, இக்கணவாயில் நெருக்குண்டு, விரைவு மிகுந்து, ஈரம் குறைந்த வெறுங்காற்றாக இச்சமவெளியில் இறங்குகிறது. வைகாசியில் தொடங்கி ஆவணி கழியும்வரை இக்காற்று ஓயாது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்னும் பழமொழியைக் கேட்டு வேற்றூரார் நகைப்பர், தாராபுரத்தார் நகைப்பதில்லை. உடுமலை முதல் பல்லடம் வரை வயல்களின் நடுவே சுழலும் காற்றாலைகள் இக்காற்றின் வலிமைக்குச் சான்று கூறுகின்றன.

காற்று இவ்வாறு வீச, மழையோ கஞ்சத்தனம் காட்டுகிறது. ஆண்டு முழுவதும் பெய்யும் மழை 700 மில்லிமீட்டரை எட்டாத ஊர்கள் இங்குப் பல. அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை ஆகிய இரு திங்களில் பெய்து ஓய்ந்துவிடும். ஆயிரம் அடி துளைத்தும் நீர் காணாத ஆழ்குழாய்க் கிணறுகள் இப்பகுதியில் உண்டு. இந்நிலையில் முற்றத்து மரத்திற்கு வார்க்கும் ஒவ்வொரு குடம் நீரும் அடுக்களையிலிருந்து எடுத்த நீரே ஆகும். மரத்தைத் தேர்வது அழகைப் பற்றிய வினாவாக நின்றுவிடாமல் குடிநீரைப் பற்றிய வினாவாக மாறுவது இங்கேதான்.

வறட்சியும் காற்றும் இரு வேறு பகைகள் என்று கருதவேண்டா. இலையின் நுண்துளைகள் வழியாக மரம் நீரை ஆவியாக விடுகின்றது. காற்று வீசாத நாளில் அவ்வாவி இலையைச் சூழ்ந்து சிறிது நேரம் தங்கும். மேலும் நீர் வெளியேறுவதை அது தணிக்கும். காற்று வீசும் நாளிலோ வெளிவந்த ஈரம் உடனே அடித்துச் செல்லப்படுவதால் மரம் மேலும் மேலும் நீரை இழக்கிறது. ஆகவே ஒரே மழை பெய்யும் இரண்டு ஊர்களில், காற்று மிகுந்த ஊரின் மரமே முதலில் வாடும். இவ்வூர்களுக்கு வேண்டிய மரம் வேட்கையைப் பொறுப்பதாகவும் காற்றைப் பொறுப்பதாகவும் ஒருங்கே இருத்தல் வேண்டும்.

அத்தகைய மரத்தை எப்படி அறிவது? மாணவர்களே, நீங்கள் தாவரநூல் வல்லுநராக வேண்டுவதில்லை, இலையைப் பாருங்கள். வெள்வேல், உசிலை, வன்னி, புளி ஆகிய மரங்களின் இலைகள் யாவும் சிறுசிறு இலைக்கூறுகளாகப் பகுந்து கிடக்கின்றன. அகன்ற இலை பாய்மரம் போலக் காற்றை ஏற்று நிற்கும். சிற்றிலைகளோ காற்றைத் தம்மிடையே புகவிட்டுவிடும். இவற்றுள் பல மாலையில் இலைகளைக் கூப்பிக்கொள்வதையும் நீங்கள் கண்டிருப்பீர்கள். வேம்பு மாசியில் தன் இலையை உதிர்த்துவிட்டுப் பங்குனியில் செந்தளிர் விடுகிறது. வருவாய் குறைந்த காலத்தில் செலவைச் சுருக்கும் இல்லாள் போல அம்மரம் நடந்துகொள்கிறது. இலையுதிர்ந்த மரத்தைப் பார்த்து, செத்துவிட்டது என்று வெட்டியவரையும் நான் அறிவேன். இவர்களுக்கு ஆண்டு முழுவதும் பசுமை வேண்டும். அப்பசுமைக்கு நீர் எங்கிருந்து வரும் என்ற எண்ணம் மட்டும் வேண்டியதில்லை.

இலையைக் காட்டிலும் இன்றியமையாதது வேர். அது கண்ணுக்குத் தெரியாமையால் வாங்குவோர் அதனைப் பற்றிக் கேட்பதில்லை. பனங்கொட்டை முளைக்கும் முறையை எண்ணிப் பாருங்கள். மற்ற விதைகள் முளைத்தவுடன் ஒளியை நாடித் தலைதூக்க, பனையோ முதலில் தன் முளையை நேரே மண்ணுக்குள் இறக்குகிறது. நீங்கள் தைத் திங்களில் அவித்துத் தின்னும் பனங்கிழங்கு இவ்வாறு கீழ்நோக்கி வளர்ந்ததே. மண்ணுக்குள் போதிய இடம் பிடித்த பின்னரே அது ஓர் ஓலையை வெளியே நீட்டும். அடிமரம் தோன்றுவதற்குப் பின்னும் பல ஆண்டுகள் செல்லும். கன்று வாங்கிய மறு ஆண்டே நிழல் வேண்டும் என்று துடிப்பவருக்குப் பனை பொருந்தாது. ஆனால் வறண்ட நிலத்தில் வாழும் முறையைப் பனையினும் நன்றாகக் கற்பிக்கும் ஆசான் வேறு இல்லை.

தமிழ் கற்பித்தவனுக்கு மர ஆராய்ச்சியில் என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். நிலத்தையும் மரத்தையும் பிரித்துப் பாராத மொழி நம்முடையது. நம் முன்னோர் நிலத்தை ஐந்தாக வகுத்தபோது ஒவ்வொன்றிற்கும் அங்கு வளரும் மரம் செடி கொடிகளின் பெயரையே இட்டனர். இந்த நிலத்தில் இதுவே இயல்பாக வாழும் என்னும் அறிவு அப்பெயர்களுக்குள் இருக்கின்றது. குறுந்தொகையின் ஏழாம் பாட்டில் பெரும்பதுமனார் என்னும் புலவர் பாலை வழியொன்றைக் காட்டுகிறார். அங்கே வாகை மரத்தின் வெண்மையான நெற்றுகள் காற்று மோதுவதால் கலகலவென்று ஒலிக்கின்றன. அவ்வொலி கயிற்றின்மேல் ஆடும் கூத்தரின் பறையொலி போன்றிருக்கிறது என்கிறார். இலையற்ற கோடை, மழையற்ற காற்று, அவ்விரண்டிலும் நிற்கும் வாகை ஆகிய மூன்றையும் அவர் ஒருங்கே கண்டிருக்கிறார். இன்னுமொன்று: சேரர் சூடியது பனம்பூ, பாண்டியர் சூடியது வேப்பம்பூ, சோழர் சூடியது ஆத்திப்பூ. காவிரி பாயும் நாட்டை ஆண்டவரும், வையை பாயும் நாட்டை ஆண்டவரும், நீர் நிறைந்த மலைநாட்டை ஆண்டவரும் தத்தம் குடிக்கு அடையாளமாகக் கொண்ட மூன்றும் வறட்சி தாங்கும் மரங்களாக அமைந்தமை எண்ணி மகிழத்தக்கது. அவர்கள் வறட்சியை எண்ணியே இவற்றைத் தேர்ந்தனர் என்று சொல்ல நான் துணியமாட்டேன். ஆயினும் எங்கும் கண்ணிற்பட்டு, எக்காலத்தும் கைக்குக் கிட்டிய பூக்கள் இவை என்று கொள்ளலாம்.

ஊர்ப்பெயர்களும் இவ்வாறே. புளியம்பட்டி, உசிலம்பட்டி, வேப்பம்பட்டு, வாகைக்குளம் என்று நம் நாட்டில் மரத்தின் பெயரைத் தாங்கிய ஊர்களுக்கு அளவில்லை. புதிய மனையில் என்ன மரம் வைப்பது என்று ஐயுறுவோர் முதலில் தம் ஊர்ப்பெயரைச் சற்று உரக்கச் சொல்லிப் பார்க்கலாம்.

காங்கேயத்து உழவர்களிடம் இதற்கு மேலும் தெளிவான பாடம் உண்டு. அவர்கள் தம் புன்செயின் ஒரு பகுதியைக் கொறங்காடு என்று பெயரிட்டு மேய்ச்சலுக்கு விடுகின்றனர். சுற்றிலும் முட்கிளுவை வேலி; தரையில் கொழுக்கட்டைப் புல்; இடையிடையே வெள்வேல மரங்கள். கிளுவை வேலி காற்றைத் தடுத்துத் தணிக்கிறது. மரத்தின் நிழலில் புல் கருகாமல் நிற்கிறது. கோடையில் புல் தீர்ந்துபோகும் நாளில் வெள்வேலின் காய்கள் மாட்டுக்கும் ஆட்டுக்கும் உணவாகின்றன. ஆட்டின் புழுக்கை மண்ணுக்கு எருவாகிறது. பெயர்பெற்ற காங்கேயம் காளைகள் வளர்வது இத்தகைய மேய்ச்சலில்தான். இதற்கென்று கிணற்று நீர் இறைக்கப்படுவதில்லை. வான்மழை ஒன்றையே நம்பி இவ்வமைப்புப் பல தலைமுறைகளாக நடந்து வருகிறது. ஒரு மனையின் முற்றம் இக்காட்டின் சிறுவடிவமாக இருந்தால் போதும் என்பது என் கருத்து. ஆனால் கொறங்காட்டு வேலியை ஒட்டியே எழும் புது வீடுகளின் முற்றங்களிற்கூட அந்நிய நாட்டுப் பூமரமும் தென்னையும் நிற்பதைக் காணும்போது, வேலிக்கு அப்பால் இருப்பதை வேலிக்கு இப்பால் இருப்பவர் பார்ப்பதே இல்லையோ என்று தோன்றுகிறது.

தென்னையைப் பழித்தால் பலர் சினங்கொள்வர். அது நல்ல மரம்; பொள்ளாச்சியிலும் பொன்னி நாட்டிலும் அது செல்வம் தருவது. ஆனால் வளர்ந்த தென்னை ஒன்று கோடையில் நாள்தோறும் ஏறக்குறைய 50 முதல் 60 லிட்டர் நீரை வேண்டுகிறது. நான்கு தென்னைகள் நிற்கும் வீட்டில், குடும்பத்தோடு குடும்பமாக வேறு சிலருக்கும் நீர் எடுத்து வைப்பது போலாகும். வண்டியில் நீர் வாங்கிக் குடிக்கும் வீட்டில் இது தகுமா? காய்க்காத தென்னை, நிழலும் தராமல் நீரையும் குடித்துக்கொண்டு நிற்பதை இவ்வட்டாரத்தில் எத்தனையோ முற்றங்களில் காணலாம்.

செம்மயிற்கொன்றை என்றும் குல்மோகர் என்றும் சொல்லப்படும் மரம் மடகாஸ்கர் தீவிலிருந்து வந்தது. சித்திரை வைகாசியில் அது தீப்பற்றியது போலப் பூத்து நிற்கும் அழகை மறுப்பவர் இலர். வறட்சியையும் அது ஒருவாறு தாங்கும். அதன் குறை வேறு. வேர் மேலோட்டமாகப் பரவுகிறது, கிளை மென்மையானது, காற்றில் முறியும். தென்னமெரிக்கப் பகுதியிலிருந்து வந்த தூங்குமூஞ்சி மரமோ முற்றத்தையே விழுங்கும் அளவுக்குக் குடை விரிப்பது. 2016 டிசம்பர் 12-ஆம் நாள் வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் சாலைகளில் சாய்ந்தன. விரைந்து வளரும் இத்தகைய வெளிநாட்டு மரங்கள் அவற்றுள் மிகுதி. வேரைச் சுற்றிச் சிமெண்டுத் தளம் இட்டதும் அவ்வீழ்ச்சிக்குக் காரணமே. பழி முழுவதையும் மரத்தின் தலையில் ஏற்றுவது முறையன்று. ஆயினும் புயல் ஒருநாள் வந்து போவது. கணவாய்க் காற்றோ ஆண்டுதோறும் நான்கு திங்கள் தங்கியிருப்பது.

இவ்வாறு சொல்வதால் நம் நாட்டு மரம் எல்லாம் நல்லது, வெளிநாட்டு மரம் எல்லாம் தீயது என்று நான் கூறுவதாக எண்ணவேண்டா. அவ்வாறு முழங்குவோர் இக்காலத்தில் பலர் உளர். அவர்களோடு நான் உடன்படவில்லை. மருதமரம் நம்முடையதே, ஆனால் அது ஆற்றங்கரையின் பிள்ளை, சரளை மேட்டில் கொண்டுவந்து நட்டால் ஏங்கி இறக்கும். ஆலும் அரசும் நம்முடையவையே. அவற்றின் வேர் சுவரைப் பிளக்கும். மறுபுறம், நாம் நாள்தோறும் குழம்பில் கரைக்கும் புளியின் தாயகம் ஆப்பிரிக்கா என்று தாவரநூலார் கூறுவர். அது மிகப் பழங்காலத்திலேயே இங்கு வந்து, வறட்சியையும் காற்றையும் வென்று, நம்முடையதாகவே ஆகிவிட்டது. மரத்திடம் கேட்கவேண்டியது அதன் பிறப்பிடத்தை அன்று. இம்மண்ணிற்கும் இக்காற்றிற்கும் அது எவ்வாறு ஒத்துவாழ்கிறது என்பதையே. நெடுங்காலம் இங்கு வாழ்ந்தவை அத்தேர்வில் பெரும்பாலும் வெற்றிபெறுகின்றன என்பது மட்டும் உண்மை.

வறட்சி தாங்குதல் ஒன்றே போதும் என்று கொள்வதும் தவறு. அப்படியாயின் சீமைக் கருவேலே முதற்பரிசு பெறவேண்டும். விறகுப் பஞ்சம் தீர்க்கும் என்று விதைக்கப்பட்ட அம்மரம், ஏரியையும் கண்மாயையும் மேய்ச்சல் நிலத்தையும் மூடி, மற்ற செடிகளை வாழவிடாமல் பரவிவிட்டது. 2017-ஆம் ஆண்டு சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதனை அகற்றுமாறு ஆணையிடும் நிலை வந்தது. வறட்சியைத் தாங்குவதோடு அண்டை அயலாரோடும் வாழத் தெரிந்த மரமே நம் முற்றத்திற்கு வேண்டும்.

அவ்வாறாயின் எவற்றைத் தேர்வது? என்னைக் கேட்டால் வேம்பையே முதலில் வைப்பேன். அதன் நிழல் அடர்த்தியானது. வேர் ஆழ்ந்து செல்வது. பங்குனி சித்திரையில் நிழல் மிக வேண்டும் பொழுதில் புதுத்தளிர் நிறைந்து நிற்பது. பூ பச்சடிக்கும், கொழுந்து மருந்துக்கும், புண்ணாக்கு எருவுக்கும் ஆகும். ஒன்றே அதற்கு ஆகாதது: நீர் தேங்குதல். குளியலறைக் கழிவுநீர் தேங்கும் மூலையில் வேம்பை வைக்கலாகாது. அண்மை ஆண்டுகளில் தென்னிந்தியாவின் பல இடங்களில் வேம்பின் நுனிக்கிளைகள் கருகும் நோய் காணப்பட்டது. பெரும்பாலான மரங்கள் மீண்டும் தளிர்த்தன எனினும், முற்றம் முழுவதையும் ஒரே வகை மரத்தால் நிரப்புவது அறிவுடைமை ஆகாது என்பதை அந்நோய் காட்டிச் சென்றது.

வேம்புக்குத் துணையாக உசிலை வைக்கலாம். இதனை அரப்பு மரம் என்பர். தலைக்குத் தேய்த்துக் குளிக்கும் அரப்புத் தூள் இதன் இலையே. கற்பாங்கான நிலத்திலும் வளரும். அளவான உயரம் உடையது. சிறிய மனைக்கு மிக ஏற்றது. இவ்வளவு நல்ல மரம் நாற்றுப் பண்ணைகளில் எளிதில் கிடைப்பதில்லை; கேட்பார் இல்லாமையால் வளர்ப்பாரும் இல்லை. கேட்கத் தொடங்கினால் கிடைக்கும். புங்கமரம் நிழலில் வேம்புக்கு இணையானது. அதன் வேர் முடிச்சுகள் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்ப்பதால் அடியிலுள்ள மண்ணும் வளம் பெறும். ஆயினும் அது ஓடைக்கரையை விரும்புவது. வளரும் நாளில் சற்று மிகுதியான ஈரம் கேட்கும். பூவழகை விரும்புவோர் சரக்கொன்றையை வைக்கட்டும். சித்திரையில் பொன்னைச் சரஞ்சரமாகத் தொங்கவிட்டாற்போல் அது பூக்கும்போது, குல்மோகரைத் தேடிப் போனவர் சற்று நாணக்கூடும்.

வன்னியைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். விருத்தாசலம் முதலிய பல சிவன் கோயில்களில் அது தலமரம். கோயிலில் கும்பிடும் மரம் வீட்டில் ஆகாது என்று சிலர் அஞ்சுவர். அவ்வச்சத்திற்கு நான் யாதொரு காரணமும் காணேன். வன்னி மெல்ல வளரும், முள் உடையது, எனவே நடைவழியில் வைக்கவேண்டா. ஆனால் அதன் வேர் செல்லும் ஆழத்திற்கு ஒப்பான ஆழம் உடைய மரங்கள் சிலவே. இராசபுத்தானத்துப் பாலைவனத்திலேயே வாழும் மரத்திற்குக் கொங்கு நாட்டு வறட்சி எம்மாத்திரம்? அங்கே, சோதபுரத்தை அடுத்த கேசர்லி என்னும் ஊரில், 1730-ஆம் ஆண்டு, அரண்மனைப் பணிக்காக வன்னி மரங்களை வெட்ட அரசனின் ஏவலர் வந்தனர். அமிர்தா தேவி என்னும் பெண்மணி ஒரு மரத்தைக் கட்டித் தழுவிக்கொண்டு உயிர் கொடுத்தார். அவரைத் தொடர்ந்து பிசுனோய் மரபினர் ஒருவர்பின் ஒருவராக மரத்தைத் தழுவி வெட்டுண்டனர். இறந்தோர் 363 பேர். நீர் அரிதான நாட்டில், ஆட்டுக்குத் தழையும் மனிதருக்குக் காயும் வெயிலுக்கு நிழலும் தருவது அம்மரம் ஒன்றே என்று அவர்கள் அறிந்திருந்தனர். இன்றும் இராசத்தானத்தின் மாநில மரம் அதுவே.

நம் மாநில மரமாகிய பனையை மனையின் எல்லையில் வைக்கலாம். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு அது உங்களுக்கு ஒன்றும் தாராது. பின்னர் உங்கள் பேரப்பிள்ளைகளுக்கும் தந்துகொண்டே இருக்கும். 2021-ஆம் ஆண்டு வேளாண்மைக்கெனத் தனியே வைக்கப்பட்ட நிதிநிலை அறிக்கையில், பனையை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் இசைவு பெறவேண்டும் என்று அரசு அறிவித்தது. பனை வைப்போர் இதனை அறிந்து, பிற்காலத்தில் சுவர் எழுப்பவோ வழி அமைக்கவோ வேண்டாத இடத்தைப் பார்த்து வைப்பாராக. வாகையும் புளியும் அகன்ற தோட்டத்திற்கு உரியவை. ஐந்து சென்ட் மனையில் அவற்றை வைப்பது, யானையைக் கொல்லையில் கட்டுவது போலாகும்.

மரத்தைத் தேர்ந்த பின் இடத்தைத் தேரவேண்டும். இந்நிலத்தில் காற்று வருவது தென்மேற்கிலிருந்து; பிற்பகல் வெயில் சுடுவது மேற்கிலிருந்து. ஆகவே முற்றத்தின் மேற்குப் புறமும் தென்மேற்குப் புறமுமே மரத்திற்கு உரிய இடங்கள். காற்றைத் தடுக்க உயர்ந்த மதிலே போதும் என்று பலர் நினைக்கின்றனர். காற்று மதிலில் மோதி மேலெழுந்து மறுபுறம் சுழன்று விழும். மதிலுக்கு உட்புறம் புழுதி சுழல்வதைப் பார்த்தவர்க்கு இது விளங்கும். காற்றில் பாதியைப் புகவிட்டுப் பாதியைத் தணிக்கும் உயிர்வேலி, தன் உயரத்தைப் போலப் பத்து மடங்கு தொலைவுக்குக் காற்றின் வேகத்தைக் குறைக்கும். வெளிப்புறம் கிளுவை அல்லது நொச்சி, அதற்கு உள்ளே ஆவாரை, அதற்கும் உள்ளே உசிலை, பின்னர் வேம்பு என்று படிப்படியாக உயரும்படி வைத்தால் காற்று படியேறிப் போவது போல வீட்டின்மேல் ஏறிச் சென்றுவிடும். வேம்பு போன்ற பெருமரத்திற்கும் வீட்டுச் சுவருக்கும் இடையே இருபது அடியேனும் இருப்பது நன்று. அவ்வளவு இடம் இல்லாத மனையில் வேம்பை விடுத்து உசிலையோடு நின்றுகொள்வதே தக்கது.

நடும் முறையில் மூன்று தவறுகள் மிகுதியாக நிகழ்கின்றன. முதலாவது, உயரமான கன்றை விரும்பி வாங்குவது. பிளாஸ்டிக் பையில் நெடுநாள் நின்ற கன்றின் வேர் கீழே இறங்க இடமின்றிப் பையின் அடியில் சுருண்டுவிடும். அச்சுருள் மண்ணில் நட்ட பின்னும் நிமிர்வதில்லை. மரம் பெருத்த பின் ஒரு காற்றில் அடியோடு பெயர்வதற்கு அதுவே காரணமாகும். முழங்கால் அளவுக் கன்று, மார்பளவுக் கன்றை ஐந்தாண்டில் முந்திவிடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். இரண்டாவது, கன்றைக் கழியோடு இறுகக் கட்டுவது. காற்றில் அசைந்து அசைந்தே அடிமரம் பருக்கும், வேர் பிடிப்புக்கொள்ளும். அசையாமல் கட்டப்பட்ட கன்று, கழியை எடுத்த அன்றே வளைந்து தரையைத் தொடும். தளர்வாகக் கட்டி, ஓராண்டில் அவிழ்த்துவிட வேண்டும். மூன்றாவது, நாள்தோறும் சிறிது நீர் தெளிப்பது. மேல்மண் மட்டும் நனைந்தால் வேரும் மேல்மண்ணிலேயே தங்கிவிடும். நீர் நின்ற நாளில் மரமும் போய்விடும். வாரத்திற்கு ஒருமுறை, இரண்டு குடம் நீரை ஒருசேர வார்த்தால் ஈரம் ஆழ இறங்கும். வேரும் அதனைத் தேடி இறங்கும். அடியில் சிறு துளையிட்டுத் திரி செருகிய மட்பானையைக் கன்றின் அருகே புதைத்து, அதனை நிரப்பி மூடிவைக்கும் பழைய முறை இன்னும் சிறந்தது. ஒரு துளியும் வெயிலுக்குப் போகாது. கன்றைச் சுற்றிச் சருகைப் பரப்பி வைத்தால் அவ்வீரம் மேலும் சில நாள் தங்கும்.

குழி மூன்றடி ஆழம் வேண்டும். சுக்கான் கல் தட்டினால் அதனை உடைத்தே ஆகவேண்டும்; இல்லையேல் குழி ஒரு தொட்டியாகி, வேர் தொட்டிச் செடியின் வேராகிவிடும்.

நடும் காலத்தைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். ஆண்டுதோறும் சூன் 5-ஆம் நாள் உலகச் சுற்றுச்சூழல் நாள் என்று நாடெங்கும் கன்றுகள் நடப்படுகின்றன. கொங்குச் சமவெளியில் அந்நாள் கணவாய்க் காற்று முழுவேகம் கொள்ளத் தொடங்கும் நாள். பெருமழைக்கு இன்னும் நான்கு திங்கள் உள்ள நாள். அன்று மேளம் முழங்க நடப்பட்ட கன்று ஆடியில் ஆடி, ஆவணியில் காய்ந்து, அடுத்த சூனில் அதே குழியில் வேறொரு கன்றுக்கு இடம் கொடுப்பதை எங்கும் காணலாம். குழி ஒன்றே, நிழற்படங்கள் பல. நாளை மாற்ற இயலாதெனில் அந்நாளில் விதை இடலாம், குழி தோண்டலாம், வேலி கட்டலாம். கன்றைப் புரட்டாசிக் கடைசியில் நட்டால் வடகிழக்கு மழை அதனைத் தானே வளர்த்துக் கொடுக்கும்.

விதைக்கு எங்கும் போகவேண்டியதில்லை. கோடை விடுமுறை கழிந்து நீங்கள் பள்ளிக்குத் திரும்பும் ஆனித் திங்களில்தான் வேப்பம்பழமும் உதிர்கிறது. மஞ்சள் நிறப் பழங்களாகப் பார்த்துப் பொறுக்குங்கள். சதையைப் பிதுக்கிக் கழுவி, விதைகளை நிழலில் ஓரிரு நாள் உலர்த்தி உடனே இட்டுவிடுங்கள். வேப்பவிதையின் முளைக்கும் ஆற்றல் சில வாரங்களில் குன்றிவிடும். செம்மண்ணும் மணலும் சாண எருவும் கலந்த சிறுபையில் ஒன்றிரண்டு விதை போதும். காற்றுப் படாத சுவரோரத்தில் வைத்து ஈரம் காத்துவந்தால் இரண்டு மூன்று வாரங்களில் முளை தோன்றும். புரட்டாசி இறுதியில் அது ஒரு சாண் உயரம் இருக்கும். வேர் பையின் அடியை அப்பொழுதுதான் தொட்டிருக்கும். சுருள்வதற்கு முன் அதனைக் குழிக்கு மாற்றிவிடலாம்.